நாங்க வந்துட்டோம்

கம்பளத்து மீன்களில் ஒன்று மட்டும் அவர்கள் அறைக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

சின்னவள் கையிலிருந்த எலுமிச்சைச் சாறு சிந்தாமல் குனிந்து பார்த்தாள். கப்பலின் நடைவழி ஒரு தெரு நீளம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரி மஞ்சள் விளக்குகள், துறைமுகத்தில் நிற்கும்போதுகூட ஓயாமல் சுவருக்குள் உறுமிக்கொண்டிருக்கும் இயந்திரச் சத்தம், எங்கு திரும்பினாலும் புதுத் துணியும் சோப்பும் கலந்த வாசனை. எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று யாருக்கும் பிடிபடாது. அதற்காகவே நீலக் கம்பளத்தில் வெள்ளை மீன்களை நெய்திருந்தார்கள். மீன்கள் பார்க்கும் பக்கம் கப்பலின் முன்பக்கம். முதல் நாள் பெட்டி தூக்கி வந்த பணியாள் இதைச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டாள்.

“எலி, இனிமே நீ தொலைஞ்சு போகவே முடியாதுடி. மீன் பின்னாடியே போனா சோறு. மீனுக்கு எதிர்ல வந்தா தூக்கம்.”

சின்னவள் கூச்சத்தில் எப்போதும் தலை குனிந்தே நடக்கிறவள். இந்தக் கம்பளத்தை அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் கப்பலில் இருக்க முடியாது. வாசலில் இருந்த இந்த மீன் காலையில் மற்ற மீன்களோடு சேர்ந்து முன்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கறையாக இருக்கும் என்று விரலால் தேய்த்தாள். கறை இல்லை. வால், செதில், கண் எல்லாம் நூலிலேயே திரும்பியிருந்தன.

விரல் ஈரமானது. முகர்ந்து பார்க்காமலேயே எழுந்து உள்ளே போனாள்.

அது உள் அறை. ஜன்னல் கிடையாது. பளிங்குத் தூண்களும் பியானோவும் நீச்சல் குளமும் கொண்ட அந்தப் பெரிய சொகுசுக் கப்பலின் வயிற்றுக்குள், இரண்டு கட்டில்களும் ஒரு கண்ணாடியும் உள்ள சின்னப் பெட்டி. விளக்கை அணைத்தால் நட்ட நடுப் பகலும் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டாகிவிடும். காலையில் கப்பல் இந்தத் துறைமுகத்தில் நின்றதிலிருந்து அவளுக்குக் குமட்டல். அக்காதான் ஊர் பார்க்கப் போகாமல் இருந்துவிடுவதாகச் சொன்னாள். இவள்தான் விரட்டி அனுப்பினாள்.

ஊருக்கு அடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம். மண்டபம் மாதிரி தூண் தூணாக நிற்குமாம். படியிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவர்கள் எல்லாருடைய நெஞ்சிலும் வட்டமான மஞ்சள் ஒட்டு ஒன்றை ஒட்டினார்கள்.

“பேசாம படு. நான் ஒரு எட்டு பாத்துட்டு ஓடி வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா.

அக்காவுக்கு வேலை பல் கட்டும் கூடத்தில். மற்றவர்கள் வாய்க்குப் பொருந்தும்படி பல் செய்கிறவள். அதனாலேயே யார் சிரித்தாலும் பல்லைத்தான் பார்ப்பாள். அம்மா போன பிறகு சின்னவளை வளர்த்தவள் அவள்தான். பென்சிலைக் கடித்துத் துப்பும் பிள்ளைக்கு எலி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். இரவில் கதவுக்கும் இவளுக்கும் நடுவில் பாயைப் போட்டுப் படுப்பாள். ‘நாம சாப்பிடலாமா’, ‘நாம தூங்கலாமா’, ‘நாம பாத்துக்கலாம்’. அந்த வீட்டில் எல்லாமே நாம.

போன மாதம் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே, அக்கா சொன்னாள்: “நாங்க ஒரு வீடு பாத்திருக்கோம் எலி.”

நாங்க. அக்காவும், அக்கா கட்டிக்கொள்ளப் போகிறவரும். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தச் சொல் சின்னவளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நாம என்றால் கேட்கிறவளும் உள்ளே. நாங்க என்றால் கேட்கிறவள் வெளியே. அக்கா கதவைச் சாத்தவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரு சொல்லை மாற்றினாள், அவ்வளவுதான்.

அவள் முகம் வாடியதைப் பார்த்துத்தான் இந்தப் பயணமே. “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. நாம ரெண்டு பேர் மட்டும்” என்று சொல்லித்தான் அக்கா கூட்டி வந்தாள். ஒரு கடலைச் சுற்றிப் பழைய துறைமுகங்கள் ஒவ்வொன்றாக. வெள்ளைச் சுவர்கள், மணிக்கூண்டுகள், படிக்கட்டுத் தெருக்கள். நாலைந்து நாளாகச் சின்னவள் அந்த முள்ளையே மறந்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

அக்காவிடம் சாவி அட்டை இருக்கிறது. ஏன் தட்டுகிறாள்?

“யாரு?”

“நாங்க வந்துட்டோம்.”

அக்கா குரல். யாரையோ கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள். அக்கா மட்டும் நின்றாள். அவளுக்குப் பின்னால் நடைவழி இரண்டு பக்கமும் காலி.

“யாரெல்லாம் வந்தீங்க?”

“நாங்கதான்” என்றாள் அக்கா. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தலைமுடி தோள்வரை நனைந்து ஒட்டியிருந்தது.

“என்னக்கா, விழுந்துட்டியா?”

“இல்லையே. மேல இருந்து தண்ணி சொட்டுச்சு. கொஞ்சம்.”

சின்னவளுக்கு வேலை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். புட்டிகளில் தண்ணீர் வரும். கருவியில் வைப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவார்கள். பாசி ஒரு வாசனை, சாக்கடை ஒரு வாசனை, துருப்பிடித்த குழாய் ஒரு வாசனை. அக்காவின் முடியிலிருந்து வந்தது அவை எதுவும் இல்லை. வெளிச்சமே படாமல், யாரும் மொள்ளாமல், மிக நீண்ட காலம் ஒரே இடத்தில் கிடந்த தண்ணீர். ஈரச் சுண்ணாம்பு. அதற்கடியில் இன்னொன்று. வாய்க்குள் வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சு மாதிரி.

கப்பல் கிளம்பிவிட்டதற்கு அடையாளமாக எங்கோ தலைக்கு மேல் நீண்ட சங்கு ஊதியது.

இரவுச் சாப்பாட்டுக் கூடத்தில் சரவிளக்குகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அக்கா தட்டைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். ஒரு குவளை, இன்னொரு குவளை. மஞ்சள் ஒட்டு இன்னும் நெஞ்சில் இருந்தது. நனைந்தும் உரியாமல்.

அடுத்த அறைக்காரர் வந்து மேசையருகில் நின்றார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். நேற்றுவரை வாய் ஓயாத மனிதர். ‘பாப்பா, இவ்ளோ பெரிய வண்டி, ஒரு பிரேக் இல்ல பாத்தியா? ரிவர்ஸ் எடுக்கறான் பாரு, எங்கிட்ட முதல் நாள் வர்ற பிள்ளைகூட இப்படி எடுக்காது’ என்று கேப்டனை ஏசிக்கொண்டே இருப்பார். அவரும் இன்றைக்குத் தொட்டி பார்க்கப் போனவர்தான்.

“எப்படி இருந்தது அங்கிள்?” என்றாள் சின்னவள்.

அவர் சிரித்தார். “நாங்க நல்லாருக்கோம்.”

சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த குவளையை எடுத்தார். அக்காவும் எடுத்தாள். ஒரே சமயத்தில் வாயில் வைத்தார்கள், ஒரே சமயத்தில் இறக்கினார்கள். சின்னவள் தற்செயலாகத்தான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கங்கே, தூர தூர மேசைகளில், மஞ்சள் ஒட்டுகள். எல்லாக் குவளைகளும் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தன.

கை கழுவும் இடத்தில் டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டார். கால்வலி என்று காலையில் கப்பலிலேயே தங்கிவிட்டவர்.

“ஏம்மா, உங்க அக்கா ஒழுங்கா பேசறாளா? இந்த மனுஷன் வந்ததுல இருந்து நாங்க, நாங்கங்கறார். யாருய்யா அந்த நாங்கன்னா சிரிக்கறார். இத்தனை வருஷமா கூட இருக்கறவ நானு. புதுசா எவளையாவது புடிச்சிட்டாரா, என்ன?”

அந்த அம்மாள் சிரிக்கத்தான் பார்த்தார். கண் சிரிக்கவில்லை.

“குளிர்ல நின்னிருப்பாங்க ஆன்ட்டி. தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்றாள் சின்னவள். சொன்னது தனக்கும்தான்.

விளக்கை அணைத்ததும் உள் அறை இல்லாமல் போனது. கட்டில், சுவர், தன் கை, எதுவும் இல்லை. இயந்திர உறுமல் மட்டும் முதுகெலும்பு வழியாக ஏறியது. பக்கத்துக் கட்டிலில் அக்கா மூச்சு விட்டாள். சின்னவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த மூச்சு, ஒரு சின்ன விசிலோடு முடியும். அது வந்தது. அது முடிவதற்குள் இன்னொன்று தொடங்கியது. அதன் வால் பிடித்து இன்னொன்று. கூரையருகே ஒன்று. கட்டிலுக்கு அடியில் ஒன்று.

காற்றுக் குழாயாக இருக்கும். காற்றுக் குழாய்தான்.

“அக்கா.”

“ம்.”

“வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன பண்ணலாம்?”

நாம என்று தொடங்கத்தான் வேண்டும், வேறு வழியே இல்லாத கேள்வி. அவள் காத்திருந்தாள்.

“நாங்க வரமாட்டோம்” என்றாள் அக்கா.

பொறாமை, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வயசாகிறதே தவிர புத்தி இல்லை. “நாங்கன்னா? நீயும் அவரும் நேரா புது வீட்டுக்கா?”

இருட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

“யாரு அவரு?” என்றாள் அக்கா.

சின்னவள் போர்வையைக் கடித்துக்கொண்டாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அந்தச் சுவர் தகரம்தான், மேலே காகிதம் ஒட்டியது, எல்லாம் கேட்கும். மனைவி அழுகிற குரல். பிறகு டிரைவிங் ஸ்கூல்காரரின் குரல், கனிவாக: “அழாதே. வா. நாம தூங்கலாம்.” பிறகு மனைவி சிரித்தார். நிம்மதியான, சின்னப் பெண் மாதிரியான சிரிப்பு. அதன் பிறகு குழாயைத் திறந்துவிட்டது போல் தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவர்களாவது சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளுக்குப் பக்கத்து அறைமேல் பொறாமையாகக்கூட இருந்தது.

காலையில் அக்காவின் கட்டில் காலி. மெத்தையில் ஆள் படுத்த வடிவத்தில் ஈரம். சின்னவள் வெளியே வந்தபோது அடுத்த அறையின் வாசலில் மனைவி நின்றிருந்தார். தலை நனைந்திருந்தது.

“ஆன்ட்டி, அங்கிள் சரியாயிட்டாரா?”

அவர் திரும்பினார். அவர் நெஞ்சில் மஞ்சள் ஒட்டு. தொட்டிப் பக்கமே போகாதவர்.

“நாங்க நல்லாருக்கோம்” என்றார்.

சின்னவள் நடந்தாள். பிறகு ஓடினாள். மீன்களைப் பார்த்துத்தான் ஓடினாள். ஆனால் மீன்கள் ஒரு பக்கமாக இல்லை. இங்கே இரண்டு திரும்பியிருந்தன, அங்கே நாலு. படிக்கட்டைக் கண்டுபிடிக்க மிகவும் நேரமானது.

மேலே வெயில். குழந்தைகள் நீச்சல் குளத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ பியானோ வாசித்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அன்பாகத்தான் கேட்டாள், என்ன உதவி வேண்டும் என்று. சின்னவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்தாள். என் அக்கா சரியாகப் பேசுவதில்லை. எப்போதும் ‘நாங்க’ என்கிறாள்.

வாயிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்தபோதுதான் புரிந்தது. அந்த மொழியில் நாமவுக்கும் நாங்கவுக்கும் ஒரே சொல்.

“இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். அப்படிச் சொல்வது இயல்புதானே?” என்றாள் அந்தப் பெண்.

“இல்லை. அதில் நான் இல்லை.”

“மன்னிக்கவும், புரியவில்லை.”

எப்படிச் சொல்வது? இந்தக் கப்பல் முழுவதிலும் தன் பயத்தை எடுத்துச் சொல்ல ஒரு சொல் அவளிடம் இல்லை. அந்தப் பெண் பரிவோடு ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். சின்னவள் அதைத் தொடாமல் திரும்பி வந்தாள்.

நாளைக் காலையில் கரை. அங்கிருந்து விமானம், வீடு. அதுவரை கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் அக்கா? கதவுக்கும் தனக்கும் நடுவில் படுத்தவளை இங்கே விட்டுவிட்டு எந்த வீட்டுக்குப் போவது? அந்த ஈரத்துக்குள் எங்கேயோ அக்கா இருந்தால், அவளை எப்படிக் கண்டுபிடிப்பது? பரிசோதனைக் கூடத்தில் ஒரு துளி போதும். நிறம் மாறினால் ஒன்று, மாறாவிட்டால் ஒன்று. அவளுக்கும் ஒரு துளி போதும். அக்கா வாயிலிருந்து ஒரே ஒரு நாம. அது வந்தால் அக்கா இருக்கிறாள். வராவிட்டால் இல்லை.

முடிவு செய்ததும் மனம் கொஞ்சம் அடங்கியது. கதவுக்கு மேல்தாழ் போட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

விளக்கு ஒரு முறை மங்கியது. அணைந்தது.

பகல். வெளியே பகல்தான். மேலே வெயில் அடிக்கிறது, குழந்தைகள் குளத்தில் இருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டாள். கதவின் அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு ஓரிடத்தில் அறுந்தது. யாரோ வந்து நின்றிருக்கிறார்கள்.

காலில் ஈரம் பட்டது. கம்பளம். கதவின் அடியிலிருந்து.

தட்டல்.

கால்களைக் கட்டில்மேல் இழுத்துக்கொண்டாள்.

“எலி.”

தொட்டியிலிருந்து வந்த பிறகு அக்கா ஒரு முறைகூட அப்படிக் கூப்பிடவில்லை.

“எலி, கதவைத் திறடி.”

எழுந்தாள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். கண்ணாடி வேர்த்திருந்தது. மங்கலாக, வளைந்து, அக்காவின் முகம். அது மட்டும்.

“யாரெல்லாம் வந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

இயந்திர உறுமல்கூடக் கேட்கவில்லை. அது எப்போது நின்றது?

“நீ யாரு?” என்றாள் சின்னவள். அழுகை வந்துவிட்டது. “சொல்லு. என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்த? என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்த?”

“நாம ரெண்டு பேர் மட்டும்னு” என்றாள் அக்கா.

சின்னவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

“நாம போலாம் எலி. நாம சேர்ந்தே இருக்கலாம். நாம.”

நிறம் மாறிவிட்டது. ஒரு துளி. அக்கா இருக்கிறாள். சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்தாள். தாழை நீக்கினாள். கைப்பிடியை அழுத்தினாள்.

அழுத்தும்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் நினைவுக்கு வந்தது. வா. நாம தூங்கலாம். அந்தச் சிரிப்பு. அந்தத் தண்ணீர்ச் சத்தம்.

சோதனை சரி. அவள்தான் முடிவைத் தப்பாகப் படித்துவிட்டாள்.

கதவு உள்பக்கமாக நகர்ந்தது. அவள் இழுக்கவில்லை.

நடைவழியின் இரண்டு முனைகளிலிருந்தும் வெள்ளை மீன்கள் எல்லாம் இந்த வாசலைப் பார்த்திருந்தன. மீன்கள்மேல் ஆட்கள். சுவரோடு சுவராக, முனைவரை. நனைந்த தலைகள். மஞ்சள் ஒட்டுகள். டிரைவிங் ஸ்கூல்காரர். அவர் மனைவி. வரவேற்பு மேசைப் பெண். நீச்சல் உடையில் குழந்தைகள். எல்லாருக்கும் முன்னால் அக்கா. அவள் விரல் நுனியில் ஒரு மஞ்சள் ஒட்டு.

அத்தனை வாய்களும் ஒன்றாகத் திறந்தன. அத்தனையிலும் அக்காவின் குரல் மட்டும்.

“நாம.”

அக்காவின் பக்கத்தில், ஒரு சின்னப் பெண் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் கம்பளம் இன்னும் காய்ந்திருந்தது.